நம்ம கரும்பை எங்கே அரைப்பது? நாமே முடிவு செய்வோம்!



கரணை நட்டது நாம். தண்ணி கட்டியது நாம். களை எடுத்து, மண் அணைத்து, சோகை உரித்து, ராத்திரி காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் காவல் கிடந்தது நாம். கடன் வாங்கியதும் நம்ம பேரில்தான். ஆனால் விளைந்த கரும்பை வெட்டுவதற்கு மட்டும் நமக்கு உரிமை இல்லையாம். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர வேணும். வந்தால் வெட்டலாம். வராவிட்டால் கரும்பு நிற்கும், நாமும் நிற்போம்.

மேட்டுப்பாளையத்துக்கு வாழைத்தார் கொண்டு வருகிற விவசாயி ஒரு மண்டியில் விலை கட்டவில்லை என்றால் வண்டியை அடுத்த மண்டிக்குத் திருப்புகிறார். பாக்கு போட்டவரும் கறிவேப்பிலை போட்டவரும் அப்படித்தான். விலை கிடைக்கிறதோ இல்லையோ, வேண்டாம் என்று சொல்லும் உரிமையாவது அவர்களுக்கு இருக்கிறது. கரும்பு போட்டவனுக்கு அதுவும் இல்லை. உன் ஊர் இன்ன ஆலைக்கு என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டை நாம் தாண்டக் கூடாது.

இது என்ன புதுசா என்று கேட்பீர்கள். புதுசு இல்லைங்க. எழுநூறு வருசத்துக்கு முந்தின பழசு. அந்தக் கதையை முதலில் சொல்கிறோம், கேளுங்கள்.

திருகைக் கல்லைப் பிடுங்கிய கதை

இங்கிலாந்து நாட்டில் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் பிரபுக்கள் இருந்தார்கள். நம்ம ஊர் ஜமீன்தார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் தண்ணீரால் சுற்றுகிற மாவு மில்லைக் கட்டி வைத்திருப்பது பிரபுதான். 1086-ஆம் ஆண்டு அந்த நாட்டு ராஜா எடுத்த கணக்கிலேயே சுமார் 6,000 மில்கள் இருந்தன. பிரபுவின் நிலத்தில் பாடுபடுகிற குடியானவன் தன் கோதுமையையும் பார்லியையும் பிரபுவின் மில்லில்தான் அரைக்க வேண்டும். அரைவைக் கூலியாக மாவிலோ தானியத்திலோ ஒரு பங்கைக் கொடுத்துவிட வேண்டும். பதினாறில் ஒன்று, இருபதில் ஒன்று என்று பங்கு இடத்துக்கு இடம் மாறும். பக்கத்து ஊர் மில்லில் கூலி குறைச்சல் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் அபராதம். அந்தக் குடியானவனுக்கு அவர்கள் மொழியில் இருந்த பெயரிலிருந்து வந்த சொல்தான் இன்றைக்கு சினிமாவில் நாம் சொல்கிற 'வில்லன்'. உழைத்தவன் பெயர் கெட்டவன் பெயராகிவிட்டது, பார்த்தீர்களா!

சரி, மில்லுக்கே போகாமல் வீட்டுத் திருகையில் அரைத்துக்கொண்டால்? அதுவும் கூடாது. செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊர் ஒரு பெரிய கிறிஸ்தவ மடத்துக்குச் சொந்தம். 1330-களில் ரிச்சர்டு என்ற மடாதிபதி வீடு வீடாகத் திருகைக் கற்களைப் பறிமுதல் செய்ய வைத்தார். பறித்த கற்களைக் கொண்டு மடத்தின் கூடத்துக்குத் தளம் போட்டார். தங்கள் வீட்டுக் கல்லை இன்னொருவர் மிதித்து நடப்பதை ஊர் மக்கள் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த மடாதிபதி படிக்காத முரடர் இல்லை. கொல்லர் வீட்டுப் பிள்ளை. வான நட்சத்திரங்களின் ஓட்டத்தைக் காட்டும் பெரிய கடிகாரம் ஒன்றைத் திட்டம் போட்டுச் செய்ய வைத்த அறிவாளி. ஆனாலும் மில் வருமானம் என்று வந்தபோது ஏழையின் திருகை அவர் கண்ணுக்குப் பொறுக்கவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆலை அதிகாரி நல்லவரா, கெட்டவரா என்பதல்ல நம் கேள்வி. கட்டு என்று ஒன்று இருந்தால் நல்லவரும் அதைத்தான் செய்வார்.

ஐம்பது வருசம் அந்த ஊர் மறக்கவில்லை. 1381 ஜூன் மாதம் இங்கிலாந்து முழுக்க விவசாயிகள் கிளர்ந்து எழுந்தபோது, செயின்ட் ஆல்பன்ஸ் மக்கள் மடத்துக்குள் புகுந்து அந்தத் தளத்தைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்து, கோயில் பிரசாதம் மாதிரி ஆளுக்கு ஒரு துண்டாகப் பங்கிட்டு எடுத்துப் போனார்கள். முன்னே நின்ற வில்லியம் கிரிண்ட்காப் தூக்கிலிடப்பட்டார். வாங்கிய எழுத்துரிமைகளும் பறிபோயின. அன்றைக்குத் தோற்றார்கள். ஆனால் இன்றைக்கு அந்த நாட்டில் எந்தப் பிரபுவுக்கும் அந்த உரிமை கிடையாது.

நம்ம பக்கம் எப்படி?

நம்ம ராஜாக்களும் வரி வாங்கியவர்கள்தான். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் செக்கு வைத்தவனிடம் செக்கிறை, தறி வைத்தவனிடம் தறியிறை வாங்கியதாக இருக்கிறது. ஆனால் செக்கிறை என்பது செக்கு வைத்திருப்பவன் கட்டுகிற வரி. வரியைக் கட்டு, உன் செக்கை ஓட்டு என்பது அதன் பொருள்.

நம்ம அப்பாரு காலத்தில் கரும்பு வெட்டினால் தோட்டத்திலேயே ஆலைக்கொட்டகை போட்டு, மாடு பூட்டிக் கரும்பு ஆட்டி, கொப்பரையில் காய்ச்சி வெல்லம் எடுத்தார்கள். பாகின் வாசம் ஊரையே கூப்பிடும். இன்றைக்கும் பவானி பாசனத்தில் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைக்குப் பெயர் இருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சர்க்கரை அந்த ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வாங்கப்படுவதுதான். ஆக, கரும்பை என்ன செய்வது என்று நமக்குத் தெரியாமல் இல்லை.

1966-இல் வந்த கோடு

அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் 1955-இல் வந்தது. அதன் கீழ் மத்திய அரசு 1966-இல் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையைக் கொண்டு வந்தது. அதன் 6-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு வட்டாரத்தை ஓர் ஆலைக்கு ஒதுக்கலாம். அங்கே விளையும் கரும்பில் எவ்வளவு அந்த ஆலைக்குப் போக வேண்டும் என்று நிர்ணயிக்கலாம். அனுமதி இல்லாமல் கரும்பை வெளியே கொண்டுபோகத் தடை போடலாம். உரிமம் இல்லாமல் வெல்லமோ கண்ட்சாரி சர்க்கரையோ காய்ச்சக் கூடாது என்றும் உத்தரவு போடலாம். இத்தனை அதிகாரத்தையும் அந்த ஒரு பிரிவு கொடுத்தது. திருகையைப் பறித்த மடாதிபதி இதைப் படித்திருந்தால் இது நம்ம சட்டம்தானே என்று சொல்லியிருப்பார்!

இதற்கு முன்பே உத்தரப் பிரதேசத்தில் இதே மாதிரி ஒரு சட்டம் இருந்தது. அந்த மாநில விவசாயிகள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1956-இல் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. கோர்ட்டை மட்டும் நம்பி உட்கார்ந்தால் இந்தக் கட்டு அவிழாது என்பது அன்றைக்கே தெரிந்து போனது.

போதாக்குறைக்கு 2006-இல் இன்னொரு திருத்தம். ஓர் ஆலை இருக்கும் இடத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள் புது ஆலை வரக் கூடாது என்றார்கள். மாநிலம் விரும்பினால் அந்தத் தூரத்தைக் கூட்டிக்கொள்ளவும் வழி வைத்தார்கள். கரும்புக்காரன் வெளியே போகக் கூடாது, போட்டி ஆலை உள்ளே வரக் கூடாது. இரண்டு பக்கமும் வேலி.

அவர்கள் சொல்லும் நியாயம்

ஆலைக்காரர்கள் ஒரு நியாயம் சொல்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்கிறோம். கோடிக்கணக்கில் போட்டு ஆலை கட்டுகிறோம், கரும்பு வரும் என்று உறுதி இல்லாவிட்டால் எப்படி ஓட்டுவது என்கிறார்கள். வெட்டிய கரும்பை உடனே அரைக்காவிட்டால் எடையும் போகும், சர்க்கரையும் போகும், அதனால் பக்கத்து ஊர்க் கரும்பு பக்கத்து ஆலைக்கு என்பதுதான் முறை என்கிறார்கள். கோடு இருப்பதால்தான் விலை விழுந்த வருசத்திலும் உங்கள் கரும்பை நாங்கள் எடுத்தே ஆக வேண்டியிருக்கிறது என்றும் சொல்கிறார்கள்.

கடைசியாகச் சொன்னது உண்மை. கட்டு என்பது இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். விவசாயி கரும்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஆலையும் காலத்தில் எடுத்தே ஆக வேண்டும், காலத்தில் பணம் கொடுத்தே ஆக வேண்டும். அப்படி நடந்தால் நாம் ஏன் தெருவுக்கு வரப் போகிறோம்? நம்மைக் கட்டின கயிறு கம்பிக் கயிறாகவும் ஆலையைக் கட்டின கயிறு வாழை நாராகவும் இருப்பதுதான் நம் சண்டை.

பழைய பிரபுவுக்குக்கூட கெடு இருந்தது

பிரான்சு நாட்டிலும் இதே மில் கட்டு இருந்தது. ஆனால் அங்கே பல வட்டாரங்களில் ஒரு வழக்கம் உண்டு. தானிய மூட்டையோடு பிரபுவின் மில்லுக்குப் போய், ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருந்தும் அரைத்துக் கொடுக்கவில்லை என்றால், அந்த விவசாயி மூட்டையைத் தூக்கிக்கொண்டு எந்த மில்லுக்கும் போகலாம். யாரும் தடுக்க முடியாது.

பிரெஞ்சுக்காரர்கள் கனடாவில் குடியேறியபோது அங்கேயும் இந்த முறையைக் கொண்டு போனார்கள். அரைவைக் கூலி பதினாலில் ஒரு பங்கு. பல பிரபுக்கள் மில்லைக் கட்டாமலே உரிமையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1686-இல் பிரான்சு அரசு ஓர் உத்தரவு போட்டது. ஒரு வருசத்துக்குள் மில் கட்டு, கட்டாவிட்டால் அந்த உரிமை உனக்கு இல்லை, யார் கட்டுகிறாரோ அவருக்கு என்றது.

யோசித்துப் பாருங்கள். முன்னூறு வருசத்துக்கு முந்தின முடியாட்சிக் காலத்தில், பிரபுவுக்கே கெடு வைத்தார்கள். மில்லை ஓட்டாதவனுக்கு உரிமை இல்லை என்றார்கள். ஓட்டுப் போட்டு அரசாங்கத்தை உண்டாக்குகிற நமக்கு அந்தக் கெடுவாவது வேண்டாமா?

நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பதினொரு மாதத்தில் வெட்ட வேண்டிய கரும்பு பதினாலு மாதம் நின்றது. கட்டிங் ஆர்டர் கேட்டு ஆபீசுக்கும் வீட்டுக்கும் அலைந்தார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார்கள். வேறு இடத்துக்குக் கொடுக்கத் தடையில்லாச் சான்றாவது கொடுங்கள் என்றார். அதுவும் இல்லை. கரும்பு பூத்தது, சாய்ந்தது, எலி கடித்தது, ஒரு ராத்திரி யானை இறங்கி ஒரு மூலையைத் துவைத்துவிட்டுப் போனது. சாய்ந்த கரும்புக்கு வெட்டுக்கூலி வேறு கூடுதல். எல்லாம் முடிந்து எடைமேடைக்குப் போனால், கரும்பு காய்ந்து இருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். காய வைத்தது யாருங்க?

ஒரு கணக்கு

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, பிழிதிறன் 10.25 சதவீதம் இருந்தால் குவிண்டாலுக்கு 355 ரூபாய். பிழிதிறன் 9.5-க்குக் கீழே போனாலும் 329 ரூபாய் 5 காசு. அதாவது டன்னுக்கு 3,290 ரூபாய் 50 காசு. நம்ம தமிழ்நாட்டில் பெரும்பாலும் இந்தக் கீழ்க்கணக்குதான்.

ஏக்கருக்கு 40 டன் என்று வைத்துக்கொள்வோம். வெட்டு உத்தரவு தள்ளிப் போனதில் நூற்றுக்கு ஐந்து எடை குறைந்தால் 2 டன் போச்சு. 6,581 ரூபாய் நட்டம். மேலே சொன்ன வெட்டுக்கூலி, கடன் வட்டி, அடுத்த கரும்பு தள்ளிப் போனது எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் வருசத்துக்கு 15 சதவீத வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று 1966 ஆணையின் 3-ஆம் பிரிவிலேயே எழுதினார்கள். 40 டன்னுக்கு 1,31,620 ரூபாய். ஆறு மாதம் தாமதம் என்றால் வட்டி மட்டும் ஏறக்குறைய 9,870 ரூபாய். பாக்கி வாங்கின விவசாயிகளே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். இந்த வட்டியை யார் கையில் வாங்கினீர்கள்? நாம் பேங்கில் ஒரு நாள் தவணை தவறினால் வட்டி ஓடுகிறது, நகையை ஏலம் போடுகிறேன் என்று தபால் வருகிறது!

இங்கிலாந்து விவசாயிக்குப் பதினாறில் ஒரு பங்கு போனது. அதாவது நூற்றுக்கு ஆறேகால். எடை இழப்பையும் வராத வட்டியையும் கூட்டிப் பாருங்கள். 16,451 ரூபாய். நூற்றுக்குப் பன்னிரண்டரை வருகிறது. எட்டில் ஒரு பங்கு. பிரபு வாங்கினதைப் போல இரண்டு மடங்கு!

வெல்லம் காய்ச்சினால் குற்றமா?

ஆலை எடுக்காத கரும்புக்கு வேறு கதி வேண்டும். அதுதான் வெல்லக் கொட்டகை. நம்ம வீட்டுத் திருகை அதுதான். கொட்டகை இருந்தால்தான் ஆலையும் நம்மிடம் மரியாதையாகப் பேசும்.

2025-இல் வந்த சர்க்கரைக் கட்டுப்பாட்டு ஆணை, நாளைக்கு 500 டன்னுக்கு மேல் அரைக்கும் கண்ட்சாரி ஆலைகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தது. நம்ம கொட்டகை அந்த அளவுக்கு எந்தக் காலத்திலும் வராது. ஆனால் இன்றைக்கு 500 டன் என்று போட்ட கோட்டை நாளைக்கு ஐம்பது, அஞ்சு என்று இறக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நம்ம பொறுப்பு.

வெல்லத்தில் சீனியைக் கலக்கிறவனை, கெமிக்கல் போட்டு வெளுக்கிறவனைப் பிடியுங்கள், தண்டியுங்கள். நாம் குறுக்கே வர மாட்டோம். கலப்படக்காரனால் கெட்டுப் போவதும் நம்ம பேர்தான். ஆனால் கலப்படத்தைக் காரணம் காட்டி, ஒழுங்காகக் காய்ச்சுகிறவன் அடுப்பை அணைக்கக் கூடாது.

கட்டை அவிழ்த்தவர்கள் இருக்கிறார்கள்

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2012-இல் மத்திய அரசே அமைத்த ரங்கராஜன் குழு, கரும்புக்கு எல்லை ஒதுக்கும் முறையைப் படிப்படியாகக் கைவிட வேண்டும், ஆலைக்கு ஆலை தூரக் கட்டுப்பாட்டையும் எடுக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. மகாராஷ்டிராவில் எல்லை ஒதுக்கீடு இல்லை என்பதையும் அந்தக் குழு எடுத்துக் காட்டியது. அங்கே ஒன்றும் ஆலைகள் எல்லாம் இழுத்து மூடப்படவில்லை.

அதே நேரத்தில் நாம் ஏமாந்தும் போகக் கூடாது. சுற்றி ஒரே ஓர் ஆலை இருக்கிற ஊரில், எங்கே வேண்டுமானாலும் கொண்டு போ என்று சொல்வது சுதந்திரம் இல்லை, கை கழுவுவது. விவசாயியை அவிழ்த்துவிடுகிற சாக்கில், கரும்பை எடுக்க வேண்டிய கடமையிலிருந்து ஆலையையும் அவிழ்த்துவிட்டால், விலை விழுந்த வருசம் கரும்புக்கு நெருப்பு வைக்க வேண்டியதுதான். ஆகவே நாம் கேட்பது இதுதான்: போகும் உரிமை நமக்கு, எடுக்கும் கடமை ஆலைக்கு.

பிரான்சில் 1789-இல் மக்கள் எழுந்தபிறகுதான் பிரபுக்களின் உரிமைகள் ஆட்டம் கண்டன. 1793-இல் மிச்சம் மீதியும் நட்ட ஈடு இல்லாமல் ரத்தானது. கனடாவில் 1854 வரை ஆனது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் 1839 வரைக்கும் மில் கட்டு இருந்தது. அதைக்கூட அந்த நகரத்து மக்கள் பணம் கட்டித்தான் ஒழித்தார்கள். எந்த ஊரிலும் மில்காரர் மனம் இரங்கித் தானாக விட்டுக் கொடுக்கவில்லை.

நம்ம கொங்குச் சீமைக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மின்கட்டணத்தில் ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போராடி, 1970 ஜூன் 19-இல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்த மண் இது. 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைப் பூட்டிக் கோவை நகரத்தையே நிறுத்திக் காட்டிய மண் இது. ஒரு பைசாவுக்காகக் கொடுத்த உயிர்களுக்கு முன்னால், டன் கணக்கில் இழந்துகொண்டு வாயை மூடிக் கிடப்பது நமக்கு அழகா?

நமது கோரிக்கைகள்

1. பதிவு செய்த கரும்புக்கு வெட்டும் தேதியைப் பதிவுச் சீட்டிலேயே எழுதித் தர வேண்டும். அந்தத் தேதி கழிந்து 15 நாளுக்குள் வெட்டு உத்தரவு வராவிட்டால், தடையில்லாச் சான்று இல்லாமலே எந்த ஆலைக்கும், எந்தக் கொட்டகைக்கும் கரும்பைக் கொடுக்க விவசாயிக்கு உரிமை வேண்டும்.

2. தாமதத்தால் ஏற்படும் எடை இழப்புக்கு ஆலை நட்ட ஈடு தர வேண்டும்.

3. 14 நாள் தாண்டிய பாக்கிக்கு 15 சதவீத வட்டியை, விவசாயி மனு எழுதிக் கேட்காமலே, பில்லோடு சேர்த்து வங்கிக் கணக்கில் போட வேண்டும். முந்தின பருவத்துப் பாக்கி வைத்திருக்கும் ஆலைக்கு அடுத்த பருவத்தில் எல்லை ஒதுக்கக் கூடாது.

4. விவசாயிகளின் வெல்ல, நாட்டுச்சர்க்கரைக் கொட்டகைகளுக்கு உரிமக் கெடுபிடி கூடாது. உணவுப் பாதுகாப்புச் சோதனை மட்டும் போதும்.

5. எடைமேடையிலும் பிழிதிறன் கணக்கெடுப்பிலும் விவசாயிகளின் பிரதிநிதி உடன் இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

பதிவுச் சீட்டு, எடைச் சீட்டு, பில் எதையும் தொலைக்காதீர்கள். வெட்டு உத்தரவு கேட்டுப் போகும்போது வாயால் கேட்காதீர்கள். தேதி போட்டு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தோ முத்திரையோ வாங்குங்கள். ஆலை ஆபீசில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கலெக்டர் ஆபீசில் மாதா மாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்குத் தனித்தனியாகப் போகாதீர்கள், ஊராகப் போங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் மேலே உள்ள ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, மினிட் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்து, நகல் ஒன்றைச் சங்கத்துக்குக் கொடுங்கள். நூறு ஊர்த் தீர்மானம் கையில் இருந்தால் கோட்டையில் பேசுகிற பேச்சே வேறு.

சொந்தக் கரும்பு இல்லாதவர்களும் வர வேண்டும். இன்றைக்குக் கரும்புக்குப் போட்ட கோடு நாளைக்குத் தென்னைக்கும் வாழைக்கும் வராது என்பதற்கு யார் உத்தரவாதம்?

செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்க்காரன் உடைந்த கல்லில் ஒரு துண்டை வீட்டுக்கு எடுத்துப் போனான். அதை வைத்து மாவு அரைக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். இது எங்கள் கல் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக எடுத்துப் போனான். நாமும் நம் பிள்ளைகளுக்கு எதையாவது காட்ட வேண்டாமா?

ஊர் ஊராக அணி திரள்வோம்!
விளைந்த கரும்பை விரும்பிய இடத்தில் அரைப்போம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!